கோர் வேலைக்குப் போக நினைக்கும் பொறியியல் மாணவர்களுக்கு

மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: கோர் துறைக்கு, அதாவது படித்த பொறியியல் பிரிவிலேயே வேலைக்குப் போவதா, ஐ.டி.க்குப் போவதா? இதற்கு விடை சொல்வதற்கு முன், காலையில் தொழிற்சாலைக்குள்ளோ கட்டுமானத் தளத்துக்குள்ளோ நுழையும் ஓர் இளம் பொறியாளர் மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் படித்த பிறகும் நம் மாணவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. அது அவர்கள் குறை என்று சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. கற்பிப்பவர்களில் பலரும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர்.

கோர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் துறைக்குள் தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், பராமரிப்பு, வடிவமைப்பு, கொள்முதல், தள மேற்பார்வை, விற்பனைக்குப் பிந்தைய சேவை என ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத பல வேலைகள் இருக்கின்றன. பராமரிப்புப் பொறியாளருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை மிகுந்த நாள்; இயந்திரங்கள் ஓடாமல் நிற்பது அன்றைக்குத்தான். வடிவமைப்பில் இருப்பவர் நாள் முழுவதும் திரையின் முன் அமர்ந்திருப்பார். சேவைப் பொறியாளர் மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் பேருந்திலும் கழிப்பார். ஆகவே, எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன் எந்தப் பிரிவு, என்ன வேலை, யாருக்குக் கீழே என்று கேட்கும் பழக்கம் வேண்டும். முதல் வேலையைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் பெயரையும் சம்பளத்தில் உள்ள சில ஆயிரம் ரூபாய் வேறுபாட்டையும் விட இந்த மூன்றுக்குமே நான் அதிக மதிப்பளிப்பேன். அதற்கான ஆயத்தம் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்குகிறது.

விடுமுறைப் பயிற்சியை எங்கே, எப்படிப் பெறுவது

இன்பிளான்ட் டிரெய்னிங் என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் சான்றிதழ் வாங்கும் சடங்காகிவிட்டது. பணம் கட்டினால் ஐந்து நாள்களில் சான்றிதழ் தரும் மையங்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் மாணவர்களைத் தேடி வருகின்றன. அவை தரும் தாளால் கல்லூரியின் மதிப்பெண் தேவை நிறைவேறலாம். நேர்முகத் தேர்வில் அதற்கு மதிப்பில்லை. "அங்கே எந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றீர்கள், அதில் என்ன பொருள் ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டாலே போதும், பயிற்சி நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், கல்லூரிக் கடிதத்துடன் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பதுண்டு. உயரழுத்தக் கொதிகலன் எப்படி உருவாகிறது, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வாளிச் சக்கர அகழ்வு இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பவற்றை இத்தகைய இடங்களில்தான் காண முடியும். ஆனால் அங்கே மாணவர் பெரும்பாலும் பார்வையாளர்தான். எதையும் தொட விடமாட்டார்கள், விடவும் கூடாது. வேலையைக் கற்க வேண்டுமானால் சிறிய, நடுத்தரப் பட்டறைகளே நல்லவை. சென்னையில் அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகள், கோவையில் பம்ப்செட்டும் வார்ப்படமும் நடக்கும் கணபதி, பீளமேடு, குறிச்சிப் பகுதிகள், பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைந்த துவாக்குடி, ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள உதிரிபாகத் தொழிற்கூடங்கள் ஆகிய இடங்களில் ஒவ்வொரு தெருவிலும் கற்பதற்கு ஏதாவது இருக்கிறது. உங்கள் ஊரிலேயே அரிசி ஆலை இயந்திரம் செய்பவரோ மோட்டார் ரீவைண்டிங் செய்பவரோ இருந்தால் அதுவும் குறைந்த இடமன்று.

இத்தகைய இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை. துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் செல்லுங்கள். ஷிஃப்ட் தொடங்கும் காலை நேரத்தையும், சரக்கு ஏற்றும் மாலை நேரத்தையும் தவிர்த்து, முற்பகலில் போனால் உரிமையாளரோ மேலாளரோ இரண்டு நிமிடம் பேசுவார். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும், விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முதலில் தயங்குவது விபத்தை நினைத்துத்தான். பாதுகாப்புக் காலணியை நீங்களே வாங்கி வைத்திருப்பதாகவும், ஒரு மாதத்துக்குக் குறையாமல் வருவதாகவும், அளவு எடுப்பது, பதிவேடு எழுதுவது, ஸ்டோரில் பொருள் எண்ணுவது போன்ற எந்த வேலை கொடுத்தாலும் செய்வதாகவும் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு வருகிறேன் என்பவரை யாரும் விரும்புவதில்லை. கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் அவர் போய்விடுவார்.

உள்ளே சென்ற பிறகு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அலையாமல், ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது கச்சாப் பொருளாக உள்ளே வருவதிலிருந்து பெட்டியில் அடைக்கப்பட்டு வெளியேறுவது வரை பின்தொடருங்கள். மெக்கானிக்கல் மாணவருக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வரைபடத்தில் ஒரு துளைக்கு 25 எச்7 என்று குறித்திருந்தால், அதன் விட்டம் 25.000 மி.மீ.க்கும் 25.021 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பொருள். நீங்கள் ஆய்வகத்தில் பழகிய வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. அனுமதிக்கப்பட்ட வேறுபாடு முழுவதுமே அந்தக் கருவியின் ஒரு கோட்டளவுதான் என்பதால், அதைக் கொண்டு இந்தத் துளை சரியா தவறா என்று தீர்ப்பளிக்க முடியாது. அதனால்தான் பட்டறையில் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது என்ற வகையில் செய்யப்பட்ட பிளக் கேஜைக் கொண்டு ஒவ்வொரு பொருளையும் சோதிக்கிறார்கள். கேஜ் தேய்ந்தால் என்ன ஆகும், அதை யார் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள், துளை பெரிதாகிவிட்ட பொருளை என்ன செய்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால், தரக் கட்டுப்பாடு என்ற துறையே உங்கள் முன் விரியும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் எதற்கென்று புரிவதும் அப்போதுதான்.

சிவில் மாணவர் கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுபவர்களோடு சில நாள்கள் இருப்பது நல்லது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இருமடி செய்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும் என்பது தளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.58 கிலோ. லாரியில் வந்து இறங்கிய கம்பியின் எடையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கம்பியை எந்த அளவில் வெட்டி வளைக்க வேண்டும் என்று சொல்லும் பார் பெண்டிங் அட்டவணையை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எம்25 கான்கிரீட் என்பது 28 நாள்களில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமை தர வேண்டும் என்பது தேர்வில் எழுதியதுதான். ஆனால் 150 மி.மீ. கனசதுர மாதிரியை யார் எப்போது எடுக்கிறார்கள், அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட மறந்தால் முடிவு எப்படி மாறும், ஏழாம் நாள் சோதனை குறைவாக வந்தால் மேலே எழும்பிக்கொண்டிருக்கும் தூணை என்ன செய்வது என்பவற்றைத் தளத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

எலெக்ட்ரிக்கல் மாணவருக்குப் பேனல், அதாவது மின் கட்டுப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் பட்டறை நல்ல தொடக்கம். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று எழுதத் தெரிந்த பலருக்கு, திறந்து வைத்த ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் எனப்படும் மூன்று மின் சுவிட்சுகளில் எது எதற்கு என்று காட்டத் தெரிவதில்லை. ஒரு பேனலின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தடம் பார்த்து முடித்தாலே அந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் பார்த்ததைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வரைபடங்களை நிறுவனத்தின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் படிப்பதற்கு இந்த நோட்டைவிடச் சிறந்தது எதுவும் கிடைக்காது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்

விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வு நடத்தும் தேர்வாளருக்கு அது முதல் மூன்று கேள்விகளிலேயே தெரியும். தெரிந்த பிறகு மற்ற பதில்களையும் அவர் நம்ப மாட்டார். பெரிய தலைப்பு வேண்டியதில்லை. விடுமுறைப் பயிற்சி பெற்ற பட்டறையிலேயே ஒரு சிறிய சிக்கலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பொருளை மாற்றிப் பொருத்துவதற்கு ஆகும் நேரத்தைக் குறைப்பது, அடிக்கடி உடையும் ஒரு டூலுக்குக் காரணம் தேடுவது, மோட்டார்கள் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்று பார்ப்பது போன்ற எதுவானாலும் சரி. முயற்சி தோற்றுப்போனாலும், எதை அளந்தீர்கள், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று எண்களோடு சொல்ல முடிந்தால் அதுவே நல்ல ப்ராஜெக்ட். நான்கு பேர் செய்த குழு ப்ராஜெக்டில் உங்கள் பங்கு எது என்பதைத் தனியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். வடிவமைப்பு மென்பொருள்களைக் கற்றுத்தரும் தனியார் மையங்களில் பெரும் தொகை கட்டுவதற்கு முன், கல்லூரி ஆய்வகத்தில் அதே மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகளும் கல்லூரி வழியாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கட்டாயப் பாடமாக நினைத்து ஒப்பேற்றாமல் படித்தவர்கள் பயன் அடைந்திருக்கிறார்கள்.

கேம்பஸில் ஐ.டி. வேலை கிடைத்தால்

வளாகத் தேர்வுக்கு வருபவற்றில் பெரும் எண்ணிக்கையில் ஆள் எடுப்பவை மென்பொருள் சேவை நிறுவனங்களே. வீட்டில் கடன் இருக்கிறது, கல்விக்கடனும் கட்ட வேண்டும் என்ற நிலையில் கிடைத்த வேலையை ஏற்பது முற்றிலும் நியாயமானது. அதை இலட்சியத் துறப்பு என்று சொல்லிக் குற்ற உணர்ச்சியை ஊட்டுபவர்கள் அந்தக் கடனைக் கட்ட வரப்போவதில்லை. நிரலாக்கத்தில் உண்மையான விருப்பம் இருந்தால் அது நல்ல துறையும்கூட. ஆனால் ஐ.டி.யில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுப் பிறகு கோர் துறைக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கு எளிதில் நிறைவேறுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். திரும்பி வருபவர் அனுபவமற்றவராகவே நடத்தப்படுவார். பட்டம் பெற்ற ஆண்டு பழையதாகியிருக்கும். புதிதாகத் தேர்ச்சி பெற்றவர்களோடு அதே சம்பளத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். எதிர்த்திசையில் போவது அவ்வளவு கடினமன்று. இயந்திரங்களையும், அவற்றைத் தானாக இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியையும் அறிந்தவர் பின்னாளில் தொழிற்சாலை மென்பொருள், தரவு, தானியங்கிக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு நகர முடியும்.

வேலைக்கான கடிதம் கையில் இருந்தும் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போவதுண்டு. அந்த மாதங்களை வீட்டில் காத்திருந்து கழிக்க வேண்டாம். மேலே சொன்ன பட்டறைகளில் ஒன்றுக்குச் செல்லுங்கள். ஆனால் அங்கே வருங்கால வைப்பு நிதியில் சேர்த்தால், அடுத்த நிறுவனத்திடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வைப்பு நிதிக்கு ஒருவருக்கு யு.ஏ.என். எனப்படும் ஒரே அடையாள எண்தான், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் இருந்தார் என்பது அதில் பதிவாகியிருக்கும். கன்சல்டன்சிகள் விற்கும் போலி அனுபவச் சான்றிதழ்கள் பின்னணிச் சரிபார்ப்பில் பிடிபடுவது பெரும்பாலும் இந்தப் பதிவு இல்லாததால்தான்.

அப்ரண்டிஸ், டிரெய்னி, ஒப்பந்தம்

முதல் வேலைக்கான கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில், ஒரே சீருடையில், ஒரே வேலையைச் செய்யும் மூன்று இளைஞர்களின் நிலை முற்றிலும் வேறாக இருக்கலாம்.

முதல் வகை, 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தின் கீழ் வருபவர். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்காக வந்த இச்சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இத்திட்டத்தைத் தென்மாநிலங்களில் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் நடத்துகிறது. நாட்ஸ் எனப்படும் இத்திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி ஓராண்டு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நிறுவனம் இதற்கு மேலும் தரலாம், பல நிறுவனங்கள் தருகின்றன. விண்ணப்பிக்கும்போது நடப்பிலுள்ள தொகையை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவரே ஒழிய, தொழிலாளர் அல்லர். வைப்பு நிதி பிடித்தம் இருக்காது. பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பைச் சட்டம் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. ஓராண்டு முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதைப் பலர் கடைசி மாதத்தில்தான் அறிந்து மனம் உடைகிறார்கள். சேரும்போதே, சென்ற ஆண்டின் அப்ரண்டிஸ்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. மனிதவளத் துறை மழுப்பினால், கேன்டீனில் கேளுங்கள், அங்கே சரியான விடை கிடைக்கும். மேலும், ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் இத்திட்டத்தில் சேர முடியாது. ஒருவர் ஒருமுறைதான் இப்பயிற்சியைப் பெறலாம். ஆகவே இந்த ஒரு வாய்ப்பை, கற்பதற்கு எதுவுமில்லாத ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக் கழித்துவிடக் கூடாது. அரசு நிறுவனம் என்பதற்காக மட்டும் எழுத்தர் வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேரும் பொறியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வகை, ஜி.இ.டி. எனப்படும் கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி. இவர் நிறுவனத்தின் சொந்த ஊழியர். ஓராண்டு பயிற்சிக்குப் பின் உறுதி செய்யப்படுவார். பல துறைகளைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒன்றில் அமர்த்தும் நிறுவனமாக இருந்தால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பெயருக்கு டிரெய்னி என்று வைத்துவிட்டு முதல் வாரமே இரவு ஷிஃப்டில் தனியாக நிறுத்தும் இடங்களும் உண்டு. பயிற்சிக்கான கால அட்டவணை எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டால் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும்.

மூன்றாவது வகை, ஏதோ ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு பெரிய தொழிற்சாலைக்குள் வேலை பார்ப்பவர். நண்பர்களிடம் பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். அனுபவச் சான்றிதழ் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில்தான் வரும். இதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. வேலை நன்றாக இருந்து, சம்பளமும் வைப்பு நிதியும் ஒழுங்காக வந்தால் ஓர் ஆண்டுக்கு ஏற்கலாம். ஆனால் பட்டம் பெற்றவரை அசெம்பிளி லைனில் ஆபரேட்டராக நிறுத்திவிட்டு, பிறகு பொறியாளராக்குகிறோம் என்று சொல்லும் இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். ஆபரேட்டர் வேலை தாழ்ந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. இயந்திரத்தை ஓட்டத் தெரியாத உற்பத்திப் பொறியாளரை எந்த ஆபரேட்டரும் மதிப்பதில்லை என்பதால் சில வாரங்கள் ஓட்டிப் பழகுவது அவசியமும்கூட. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பி ஆண்டுகளைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

பெரிய நிறுவனமா, சிறிய நிறுவனமா என்ற கேள்விக்கு என் விடை இது. இருபது முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் விலைப்புள்ளி கொடுப்பது, பொருள் வாங்குவது, ப்ரோக்ராம் போடுவது, ஆய்வு செய்வது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் ஓராண்டிலேயே கிடைக்கும். முறைப்படியான பதிவேடுகளும் தர நடைமுறைகளும் கிடைக்காது. பெரிய வாகன நிறுவனத்தில் எங்கே என்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் எஃப்.எம்.இ.ஏ., எதை எப்படிச் சோதிப்பது என்று வகுக்கும் கன்ட்ரோல் ப்ளான் போன்ற ஒழுங்குகள் கைவரும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உற்பத்தி வரிசையின் ஒரே ஸ்டேஷனைத்தான் பார்க்க நேரலாம். சிறியதில் தொடங்கிப் பெரியதற்குப் போவது முடிகிற காரியம்; நான் பார்த்தவரை அப்படிப் போனவர்கள் கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொல்கிறார்கள்.

பெண் பொறியாளர்கள் உற்பத்திப் பிரிவுக்குப் போகும்போது இரவு ஷிஃப்டுக்கான போக்குவரத்து வீட்டு வாசல் வரை வருமா, தங்குமிடம் யார் பொறுப்பு, அதே பிரிவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்பவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பொறியியல் படித்த பெண்களை ஆவணப் பணிக்கே ஒதுக்கிவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. விண்ணப்பித்த பிரிவிலேயே சேர்க்கிறார்களா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாண்டும் அசல் சான்றிதழ்களும்

வேலைக்காகப் பணம் கேட்கும் எவரிடமும் பேச்சைத் தொடராதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் வைப்புத்தொகை என எந்தப் பெயரில் கேட்டாலும் இதே விடைதான். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரும்படி கேளுங்கள். பெற்று வைத்துக்கொள்ளும் நிறுவனம், நீங்கள் விலக நினைக்கும் நாளுக்காகவே அதை வைத்துக்கொள்கிறது.

பாண்ட் எனப்படும் பணிக்கால ஒப்பந்தம் செல்லாது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முழு உண்மையன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது; 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் குறிப்பிட்ட தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு பெறலாம் என்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்: காலம் எவ்வளவு, தொகை எவ்வளவு, அந்தத் தொகைக்கு ஈடாக அவர்கள் உண்மையிலேயே என்ன பயிற்சி தருகிறார்கள். வெளிநாட்டுக்கோ தலைமைத் தொழிற்சாலைக்கோ அனுப்பிப் பயிற்சி தரும் நிறுவனம் இரண்டு ஆண்டு கேட்பதில் நியாயம் உண்டு. முதல் நாளிலிருந்தே வேலை வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டு கேட்பவருக்கு அப்படி ஒரு நியாயம் இல்லை.

கேட் தேர்வும் அரசுப் பணியும்

பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம் என்பதால், முதல் முயற்சியைப் படிக்கும்போதே எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. இதைக் கொண்டு ஐ.ஐ.டி.க்களில் எம்.டெக். சேரலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தி ஆள் எடுத்து வருகின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கு பிரிவுகளுக்கு மட்டுமே. உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழி உண்டு.

இத்தேர்வுகளுக்காக வேலைக்குப் போகாமல் படிப்பதானால், தொடங்கும் நாளிலேயே முடிக்கும் நாளையும் குறித்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஓர் ஆண்டு இடைவெளியை எந்த நிறுவனமும் பொறுத்துக்கொள்ளும். மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, தேர்விலும் தேறாமல், தொழிற்சாலை அனுபவமும் இல்லாமல் நிற்பவருக்கு யார் உதவ நினைத்தாலும் வழி குறைவு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கடினம் என்பது உண்மை. ஜெனரல் ஷிஃப்ட் எனப்படும் பகல் நேர வேலை மட்டும் உள்ள வடிவமைப்பு, தரம், திட்டமிடல் பிரிவுகளில் அது ஓரளவு இயலும், சுழல் ஷிஃப்டில் அநேகமாக இயலாது.

வேலையில் சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதங்களில் உங்கள் ஆசிரியர் மேலாளர் அல்லர். நெடுநாள் வேலை செய்த ஃபோர்மேனும், டூல் ரூமில் இருப்பவரும், தளத்தில் மேஸ்திரியும்தான். அவர்களை அண்ணன் என்றோ சார் என்றோ அழைத்து, இயந்திரத்தைத் துடைக்கும் நேரத்திலும் கூட இருந்தால், எந்தக் கையேட்டிலும் இல்லாதவை கிடைக்கும். அதே வேளையில் அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காமல், ஏன் அப்படி என்று பிறகு புத்தகத்தில் தேடுங்கள். பழக்கத்தால் செய்வதற்கும் காரணம் அறிந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகத்தான் நிறுவனம் பட்டதாரியை எடுக்கிறது.

மாதம் ஒருமுறை, செய்த வேலைகளை எண்களோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘உற்பத்திப் பிரிவில் பணியாற்றினேன்’ என்று சுயவிவரத்தில் எழுதுவதால் எதுவும் தெரிவதில்லை. எந்தப் பொருள், எந்த இயந்திரங்கள், நாளுக்கு எத்தனை, கழிவு எவ்வளவாக இருந்து எவ்வளவாகக் குறைந்தது, அதில் நீங்கள் மாற்றியது என்ன என்று எழுதினால் தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்கத் தொடங்குவார். வாடிக்கையாளரின் பெயர், விலை, வரைபடம் ஆகியவற்றை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். பழைய நிறுவனத்தின் இரகசியத்தைச் சொல்பவரை எடுக்கப் புதிய நிறுவனமும் அஞ்சும்.

மாற நினைத்தால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை பொறுத்திருங்கள். ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை மாறியவரின் அனுபவத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, பாதுகாப்பில்லாத இயந்திரத்தில் நிறுத்துவது, பொய்யான ஆய்வறிக்கையில் கையெழுத்திடச் சொல்வது ஆகிய மூன்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கிருந்து அடுத்த நாளே வெளியேறலாம். மற்றபடி, நியமனக் கடிதத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாக வேலை செய்து முடியுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் ரிலீவிங் கடிதம், பதவியும் தேதிகளும் சரியாக உள்ள அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வரி பிடித்திருந்தால் அதற்கான சான்று ஆகியவற்றை வாங்காமல் வராதீர்கள். வரிச் சான்று மட்டும் நிதியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும், அதை எந்த முகவரிக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு வையுங்கள். வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்பதை ஓரிரு மாதங்கள் கழித்து இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.